சுப்ரியா சாகுவின் திட்டங்கள்: அதிகாரி மாறிய பிறகும் எவை நிற்கும்?

ஏரிக்கரை எழுதியது:

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2025ஆம் ஆண்டு ‘சாம்பியன்ஸ் ஆஃப் தி எர்த்’ விருது 2025 டிசம்பர் 10ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. நம் மாநிலத்தின் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம், வனத்துறைக் கூடுதல் தலைமைச் செயலாளர் சுப்ரியா சாகுவுக்கும் அது கிடைத்திருக்கிறது. மனமார்ந்த வாழ்த்து. அதை ஊரே சொல்லிவிட்டது, இங்கே வேறொன்றைப் பேசலாம்.

2021க்குப் பிறகு இந்தத் துறையில் நடந்தவற்றை எடுத்துப் பாருங்கள். 2021 டிசம்பர் 23 அன்று கலைவாணர் அரங்கில் ‘மீண்டும் மஞ்சப்பை’ தொடங்கியது. 2022இல் அகத்தியமலை யானைகள் காப்பகம், பாக் விரிகுடாவில் கடல்பசுப் பாதுகாப்பகம், கடவூரில் தேவாங்கு சரணாலயம், அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் என்று வரிசையாக வந்தன. 2002இல் கோடியக்கரை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு இருபது வருடம் தமிழ்நாட்டிலிருந்து ஒரு ஏரிகூட அதில் ஏறவில்லை. 2022இல் மட்டும் 13 ஏறின. இப்போது 20. அப்புறம் வரையாட்டுக்கு 25.14 கோடி ரூபாயில் தனித் திட்டம், மதுக்கரை ரயில் பாதையில் யானைகளைக் கண்டறியும் கேமராக் கோபுரங்கள்.

இதெல்லாம் ஒருவர் செய்தது கிடையாது. முதல்வர், அமைச்சர், வனப் பணியாளர்கள், பல வருடமாகக் களத்தில் கிடக்கும் ஆய்வாளர்கள், ஊர்க்காரர்கள் என்று எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆனால் கோப்பைத் தள்ளும் ஆள் இல்லையென்றால் நல்ல யோசனை மேசையிலேயே கிடக்கும். அதற்கான பாராட்டு அவருக்கு உரியது.

என் கேள்வி இதுதான். 2024இல் அவரைச் சுகாதாரத் துறைக்கு மாற்றினார்கள், 2025இல் திரும்பி வந்தார். நாளை மறுபடி மாறலாம், ஒரு நாள் ஓய்வும் பெறுவார். அப்போது இவற்றில் எவை நிற்கும்? அரசிதழில் ஏறியவை நிற்கும், தினமும் ஆள் நின்று நடத்த வேண்டியவை தேய்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் ஊரில் என்ன நிலைமை என்று சொல்லுங்கள்.

கோத்தகிரிச் சாரல் எழுதியது:

இவரை இருபது வருடத்துக்கு முன்பே பார்த்தவர்கள் நாங்கள். 2000 வாக்கில் நீலகிரி ஆட்சியராக இருந்தபோது ‘ஆபரேஷன் புளூ மவுண்டன்’ என்று ஒன்றைத் தொடங்கினார். பிளாஸ்டிக் பைக்குத் தடை என்று நாட்டில் பெரிதாக யாரும் பேசாத காலம் அது. சோலைக்குள் ஊற்றெடுக்கும் ஓடைகளில் பாலித்தீன் அடைத்துக்கிடந்தது. பள்ளிக்கூடம், தோட்டத் தொழிலாளர், வணிகர் சங்கம், சுற்றுலா வண்டி ஓட்டுநர் என்று எல்லோரையும் இறக்கி அள்ள வைத்தார்.

அது நின்றதா என்று கேட்டால், நின்றது. ஏரிக்கரை சொல்லும் கணக்கு இங்கே பொருந்தவில்லை, ஏனென்றால் அது அரசிதழில் பிறந்த காரியமே இல்லை. அவருக்குப் பின் ஆட்சியர்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள், தடை மட்டும் மாறவில்லை. பர்லியாறு, கல்லாறு பக்கம் வண்டியை நிறுத்தித் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்வது இன்றும் நடக்கிறது. குடிக்கத் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் முணுமுணுப்பார்கள், எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் முணுமுணுப்பதில்லை. ஒரு தலைமுறை தடையோடே வளர்ந்துவிட்டது. இங்கே படித்த பிள்ளைக்கு, கடையில் கவர் கேட்பது கொஞ்சம் வெட்கமான விஷயம்.

குறை இருக்கிறது. பிஸ்கட், சிப்ஸ் உறைகளை யாராலும் தடுக்க முடியவில்லை, காட்டோரம் அவை கிடக்கத்தான் செய்கின்றன.

மளிகைக்கடை எழுதியது:

நான் சென்னைப் புறநகரில் சிறிய கடை வைத்திருக்கிறேன். மலையில் பலித்தது சமவெளியில் ஏன் பலிக்கவில்லை என்பதைக் கடைக்காரன் கண்ணிலிருந்து சொல்கிறேன்.

தடை புதிதல்ல. 2018 ஜூனில் அரசாணை போட்டு 2019 ஜனவரி 1 முதல் 14 பொருள்களைத் தடை செய்தார்கள். முதல் மூன்று நான்கு மாதம் அருமையாக இருந்தது. வாழையிலை, தாமரை இலை, செய்தித்தாள் பொட்டலம் எல்லாம் திரும்பி வந்தன. கறிக்கடைக்குத் தூக்குவாளியோடு வந்தார்கள். பிறகு கொரோனா வந்தது, எல்லாம் பழையபடி ஆனது. அந்த நேரத்தில் மஞ்சப்பை இயக்கம் வந்ததை நான் வரவேற்கிறேன். சட்டம் சொல்லித் திருந்தாததை ஊரின் பழைய பழக்கத்தைச் சொல்லித் திருத்தப் பார்த்தார்கள். கல்யாண வீட்டில் தேங்காய் வெற்றிலை பாக்கு போட்டுக் கொடுக்கிற பையை யாரும் கேவலமாக நினைக்க வேண்டாம் என்று முதல்வரே மேடையில் பிடித்துக் காட்டியதற்கு மதிப்பு உண்டு. கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் பை வரும் இயந்திரம் வைத்தார்கள், கோயில், மருத்துவமனை வாசல்களிலும் வைத்தார்கள்.

ஆனால் கல்லாவில் நிற்பவனுக்கு நிலைமை என்ன? ஒரு கவரின் அடக்கம் ஒரு ரூபாய்க்கும் கீழே. துணிப்பை பத்து ரூபாய். இருபது ரூபாய்க்குக் கொத்தமல்லியும் தக்காளியும் வாங்குகிறவரிடம் பத்து ரூபாய்க்குப் பை வாங்குங்கள் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அடுத்த கடையில் கவர் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் மொத்த வியாபாரி பையன் வண்டியில் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறான். சோதனைக்கு வருகிறவர்கள் கடைக்காரனிடம் அபராதம் போடுகிறார்கள், வண்டி வரும் வழியை யாரும் தேடிப் போவதில்லை.

இன்னொன்று, துணி மாதிரியே இருக்கும் அந்த மெல்லிய பை. தொட்டால் துணி, நெருப்பில் காட்டினால் உருகிச் சொட்டும். அது நெய்த துணி கிடையாது, அதுவும் பிளாஸ்டிக்தான், தடைப் பட்டியலிலும் இருக்கிறது. ஜவுளிக்கடை, பலகாரக் கடை எல்லாவற்றிலும் அதுதான் ஓடுகிறது. வாங்குகிறவர் நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டு போகிறார். எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

தேன்கூடு எழுதியது:

அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் பசுமைப் படைப் பிள்ளைகள் பழைய சேலை, வேட்டி கேட்டு வாங்கித் தையல் படித்த அம்மாக்களிடம் கொடுத்துப் பை தைத்தார்கள். பை நன்றாக வந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது, பிள்ளைகள் வீட்டில் சண்டை போட்டதுதான். “கவரோட வந்தா நான் சாப்பிட மாட்டேன்” என்று ஒரு ஏழாம் வகுப்புப் பையன் அப்பாவை மறுபடி கடைக்கு அனுப்பியிருக்கிறான். அந்த அப்பா என்னிடம் வந்து முறையிட்டார். குறை சொல்ல வந்தவர் முகத்தில் பெருமைதான் தெரிந்தது.

மஞ்சப்பை விருது என்று பள்ளி, கல்லூரி, வணிக நிறுவனங்களுக்கு முதல் பரிசு 10 லட்சம் வரை தருகிறார்கள். நல்லது. விருது வாங்காத பள்ளிக்கு வருடம் ஒரு சிறு தொகை, துணியும் நூலும் வாங்குகிற அளவுக்குக் கொடுத்தால்கூட இது ஓடும். கூரையில் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்து வகுப்பறைச் சூட்டைக் குறைக்கும் திட்டமும் இதே துறையுடையதுதான். தகரக் கூரைக்கும் காங்கிரீட் தளத்துக்கும் கீழே மார்ச், ஏப்ரலில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதை எல்லாப் பள்ளிக்கும் கொண்டுபோக வேண்டும்.

மேலூர் மருதம் எழுதியது:

@ஏரிக்கரை, அரசிதழ் பற்றி நீங்கள் சொன்னதற்கு எங்கள் பக்கத்துச் சாட்சி ஒன்று இருக்கிறது.

2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். பரப்பு 200 ஹெக்டேருக்கும் குறைவு. ஏழு மலைகள், ஊற்றுகள், கண்மாய்கள், லகர் வல்லூறு, குடைவரைக் கோயில், தமிழி எழுத்தும் சமணப் படுக்கையும் இருக்கும் குன்று. அறிவிப்பு வந்த நாளில் ஊரில் பெரிய கொண்டாட்டம் எதுவும் இல்லை. பலகை ஒன்று வைத்தார்கள். பறவை பார்க்கிறவர்கள் சிலர் கூடுதலாக வந்தார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பலகையின் அருமை 2024 நவம்பரில் தெரிந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி என்று 2,000 ஹெக்டேருக்கு மேல் ஏலம் விட்டு, இந்துஸ்தான் சிங்க் நிறுவனத்துக்கு என்று ஒன்றிய அரசு அறிவித்தது. அரிட்டாபட்டி அதற்குள் வந்தது. மேலூர் வட்டாரமே எழுந்தது. சாதி, கட்சி பார்க்கவில்லை, கடையடைப்பு, கிராம சபைத் தீர்மானம், மதுரைக்கு நடைப்பயணம் எல்லாம் நடந்தன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று அறிவித்தார்கள்.

அந்த இரண்டு மாதமும் ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் சொன்ன வாதம், ‘இது அரசே அறிவித்த பாரம்பரியத் தலம்’ என்பதுதான். காகிதம் மட்டும் மலையைக் காப்பாற்றவில்லை, சனம் தெருவுக்கு வந்ததால் காப்பாற்றப்பட்டது. ஆனால் தெருவுக்கு வந்த சனத்தின் கையில் பிடிக்க அந்தக் காகிதம் இருந்தது. 2022இல் அந்தக் கோப்பு நகராமல் போயிருந்தால் எங்கள் பாடு எவ்வளவோ கடினமாக இருந்திருக்கும். அதற்காக அந்தத் துறைக்கும் அந்த அதிகாரிக்கும் நான் கடன்பட்டவன்.

சதுப்பு எழுதியது:

@மேலூர் மருதம் எழுதியதைப் படிக்கச் சிலிர்க்கிறது. ஆனால் காகிதத்துக்கு எல்லை வேண்டும். பள்ளிக்கரணையைப் பாருங்கள்.

2022 ஜூலையில் ராம்சார் தலமாக அறிவித்தபோது சுமார் 1,248 ஹெக்டேர் என்று போட்டார்கள். காப்புக்காடாக வனத்துறை கையில் இருப்பது அதில் பாதிக்குச் சற்று மேல், 700 ஹெக்டேருக்குள். மீதி எங்கே, எந்தெந்தப் புல எண்? தரையில் அளந்து கல் நடுகிற வேலை 2025இலும் முடியவில்லை. அந்த இடைவெளியில்தான் எல்லாம் நுழைகிறது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு, அளவை முடியும்வரை ராம்சார் எல்லைக்குள்ளும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டட அனுமதி தர வேண்டாம் என்றது. அக்டோபர் கடைசியில் ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டத்துக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

ஈரநில விதிகள் 2017இல் வந்தவை. அதன்படி, கடந்த பத்து வருடச் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது. எவ்வளவு தெளிவான விதி! ஆனால் வெள்ள மட்டம் எங்கே என்று வரைந்த படம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படாதவரை, வீட்டு மனை வாங்குகிற சாதாரண மனிதனுக்கு அது எப்படித் தெரியும்? ஏமாந்து பணம் கட்டியவர்களும் நம் சனம்தானே.

20 ராம்சார் தலங்கள் என்பது பெருமைதான். அடுத்த ஒரு வருடம் 21ஆவதைத் தேடாமல், இருக்கும் 20க்கும் கல் நட்டால் அதைவிடப் பெருமை.

ஏரிக்கரை எழுதியது:

கல் நடும் வேலைதான் முதலில் வர வேண்டும், முழுவதும் ஒத்துக்கொள்கிறேன். வேடந்தாங்கல் மாதிரி ஊரே காவல் காக்கும் இடங்கள் வேறு. வயலுக்கு எச்சத் தண்ணீர் உரமாக வருகிறது, அதனால் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கிறார்கள். கூந்தன்குளத்திலும் பறவை வீட்டுத் தோட்டத்து மரத்திலேயே கூடு கட்டுகிறது. அங்கெல்லாம் எல்லைக்கல் சனத்தின் மனதிலேயே இருக்கிறது. பள்ளிக்கரணைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அந்தியூரான் எழுதியது:

இழை முழுவதும் படித்தேன். சரணாலயம் என்றால் நல்லது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டீர்கள். பர்கூர் மலைக்கு வாருங்கள்.

2024 ஜனவரியில் ஈரோடு மாவட்டத்தில் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 80,000 ஹெக்டேருக்கு மேல். காட்டின் பார்வையில் நியாயம் உண்டு. சத்தியமங்கலத்தையும் மாதேஸ்வரன் மலை, காவிரி பக்கத்துக் காடுகளையும் இணைக்கிற வழி அது, புலியும் யானையும் நடக்கிற வழி. அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் அதே மலையில் செம்மறை மாடு இருக்கிறது. பர்கூர் மாடு என்று வெளியூரில் சொல்வார்கள், சிவப்பில் வெள்ளைத் திட்டு. காட்டுக்குள் பட்டி போட்டு மேய்ந்தால்தான் அது செம்மறை. தொழுவத்தில் கட்டித் தீனி போட்டு வளர்க்கிற இனம் கிடையாது. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் காட்டில் மாடு மேய்க்கத் தடை போட்டது, பிறகு அதைத் திருத்தித் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகத்துக்கு மட்டும் என்று சொன்னது. அதுவரை பர்கூர் வெறும் காப்புக்காடு. சரணாலயம் என்று ஆனதும் எங்கள் மலை தானாக அந்தத் தடைக்குள் விழுகிறது. ‘உங்கள் உரிமை பறிபோகாது’ என்று அரசு சொல்கிறது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள் என்று நம்புகிறேன். எழுத்தில் வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் உரிமைக்கு இடம் இருக்கிறது. சோளகர்களுக்கும் லிங்காயத்துகளுக்கும் அந்தச் சமூக உரிமைப் பட்டாவை முதலில் கொடுத்துவிட்டுச் சரணாலயத்தை அறிவித்திருந்தால், இன்று மலையே அந்த அறிவிப்புக்குக் காவல் நின்றிருக்கும். இப்போது பயந்து நிற்கிறது.

பட்டியில் இரவு தங்கியிருக்கிறீர்களா? முள்வேலிக்குள் மாடுகள், நடுவில் கன்றுகளுக்குத் தனி அடைப்பு, ஓரத்தில் தீ மூட்டி ஒருவர் விழித்திருப்பார். காட்டில் தீப்பிடித்தாலும், வேட்டைக்கு ஆள் வந்தாலும் முதலில் தெரிவது அவருக்குத்தான். வனத்துறைக்குத் தகவல் வருவதும் அவரிடமிருந்துதான். அவரை வெளியே அனுப்பிவிட்டு அந்த மலையை யார் பார்த்துக்கொள்வது?

கரைவலை எழுதியது:

@அந்தியூரான், உங்கள் ஆதங்கம் சரி. எங்கள் கரையிலும் 2022இல் இதே பயம் இருந்தது. கடல்பசுப் பாதுகாப்பகம் என்றதும், மன்னார் வளைகுடாவில் தீவுப் பக்கம் போகக் கூடாது என்று ஆனது மாதிரி நமக்கும் கடல் மூடப்படும் என்று பேசிக்கொண்டார்கள். அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை, 448 சதுர கிலோமீட்டர். சிறு வலைக்காரனுக்கு அதுதான் சோறு.

மூடவில்லை. காரணம் சட்டப்பிரிவில் இருக்கிறது. இது சரணாலயம் கிடையாது, ‘கன்சர்வேஷன் ரிசர்வ்’. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 36ஏ பிரிவு. அந்தப் பிரிவில் அறிவிக்கும் முன் உள்ளூர் மக்களிடம் கலந்து பேச வேண்டும், நிர்வாகக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அங்கே வாழ்கிறவர்களின் உரிமை பறிபோவதில்லை. துறையிலிருந்து ஊர் ஊராக வந்து பேசினார்கள். புதிய கட்டுப்பாடு இல்லை என்று சொன்னார்கள், அதன்படியே நடந்தது.

கடல்பசுவை ஆவுளியா என்றுதான் நாங்கள் சொல்வோம். முன்பெல்லாம் வலையில் மாட்டினால் கறிக்குப் போகும், பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது மாட்டினால் வலையை அறுத்து விட்டுவிடுகிறார்கள். அறுத்த வலைக்கு ஈடும் ஊக்கத்தொகையும் தருகிறார்கள். பையன்கள் செல்பேசியில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். கடற்புல் இருந்தால்தான் ஆவுளியா. அதே புல்லில்தான் இறாலும் நண்டும் குஞ்சு பொரிக்கின்றன, அதனால் புல்லைக் காப்பது எங்கள் மடிக்கும் நல்லது. புல்லை வேரோடு வாரிக்கொண்டு போவது இழுவை மடி, அதாவது இழுவலை. அதன் மேல் கை வைக்கத் துணிவு வர வேண்டும். அது இன்னும் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மீன்வளத்துறையும் வனத்துறையும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் அது நடக்கும்.

மேலூர் மருதம் எழுதியது:

@கரைவலை, நீங்கள் சொன்னது இந்த இழைக்கே திறவுகோல். அரிட்டாபட்டியும் அப்படித்தான். பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்பது 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆவது பிரிவு. உள்ளாட்சியோடு கலந்து பேசித்தான் அறிவிக்க முடியும். எங்கள் உழவும் ஆடு மாடு மேய்ச்சலும் கோயில் திருவிழாவும் முன்பு போலவே நடக்கின்றன. அதனால்தான் டங்ஸ்டன் வந்தபோது சனம் அந்த அறிவிப்பை ‘நம்முடையது’ என்று தூக்கிப்பிடித்தது. அரசிதழில் ஏறியதா என்பதைவிட, எந்தப் பிரிவில் ஏறியது, ஏற்றும் முன் யாரைக் கேட்டார்கள் என்பது பெரிது.

கோத்தகிரிச் சாரல் எழுதியது:

இதோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மலையில் மது பாட்டில் உடைந்து யானைக் காலைக் கிழித்த கதைகள் எங்களுக்குப் பழக்கம். 2022இல் உயர் நீதிமன்றம் சொல்லி, பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு காலிப் பாட்டிலைத் திருப்பினால் அதைக் கொடுக்கும் முறை நீலகிரியில் தொடங்கியது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்தவர் போட்டுவிட்டுப் போனாலும், பொறுக்குகிறவருக்குப் பத்து ரூபாய். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாகப் போனது. கடை ஊழியர்களுக்கு வேலைப்பளு, வைக்க இடமில்லை என்று அவர்கள் சங்கங்கள் கேட்பது நியாயமான கோரிக்கை, அதற்கு ஆள் போட வேண்டும். ஆனால் முறை வேலை செய்கிறது. மளிகைக்கடை சொன்ன இடத்துக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். அறிவுரையோடு சேர்த்துக் கையில் காசு வந்தால் பழக்கம் மாறும்.

மளிகைக்கடை எழுதியது:

@கோத்தகிரிச் சாரல், அதைத்தான் நானும் கேட்கிறேன். துணிப்பைக்கு இருபது ரூபாய் முன்பணம், எந்தக் கடையில் திருப்பினாலும் பணம் வாபஸ். கடைக்காரன் துவைத்து அடுக்க வேண்டாம், மகளிர் சுயஉதவிக் குழு வாரம் ஒருமுறை எடுத்துப் போகட்டும், தைத்தவர்களுக்கே துவைக்கிற கூலியும் போகும். ஒரே ஒரு உழவர் சந்தையில் ஆறு மாதம் செய்து பார்க்கட்டும். நான் என் கடையைத் தருகிறேன்.

வால்பாறைத் தூறல் எழுதியது:

பாட்டிலும் பையும் பேசினீர்கள், காட்டு மிருகத்துக்கு வருகிறேன்.

2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே ரயில் மோதி 3 யானைகள் இறந்தன. மூன்றும் பெண் யானைகள். கோவைக்காரர்கள் அதை மறக்க மாட்டார்கள். 2024 பிப்ரவரியில் மதுக்கரைப் பகுதியில் 12 கோபுரங்களில் வெப்பம் உணரும் கேமராக்கள் வைத்து, யானை பாதைக்கு அருகில் வந்தால் கட்டுப்பாட்டு அறைக்கும் ரயில்வேக்கும் தகவல் போகும்படி செய்தார்கள். ரயில்வே கீழ்ப்பாலங்களும் கட்டியது. இப்போது யானைகள் அந்தக் கீழ்ப்பாலத்தில் நடந்து போகும் காட்சிகளை வனத்துறையே வெளியிடுகிறது. சமூக ஊடகத்தில் படம் போடுவதில்தான் சுப்ரியா சாகுவுக்கு ஆர்வம் என்று சிலர் சொல்வார்கள். 2023 டிசம்பரில் ஆனைமலையில் வழி தவறிய குட்டியைத் தாயோடு சேர்த்துவிட்டு, சில நாளில் அது தாயின் மேல் சாய்ந்து தூங்கும் படத்தை அவர் போட்டார். அந்தப் படத்துக்குப் பிறகுதான் ‘வேட்டைத் தடுப்புக் காவலர்’ என்றொரு வேலை இருப்பதே பலருக்குத் தெரிந்தது. என் சொந்தத்தில் ஒருவர் அந்த வேலையில் இருக்கிறார். மழையில் அட்டைக்கடியோடு குட்டியைப் பின்தொடர்ந்து நடக்கிற ஆளின் பெயரை ஒரு செயலாளர் வெளியே சொல்வது சாதாரண விஷயம் கிடையாது. அந்த ஆள்களில் பலர் இன்னும் நிரந்தரப் பணியில் இல்லை. பாராட்டோடு பணி நிரந்தரமும் வந்தால் குடும்பம் பிழைக்கும்.

முதுமலை, ஆனைமலை யானை முகாம்களில் பாகன், காவடி (பாகனின் உதவியாளர்) 91 பேருக்குத் தலா ஒரு லட்சம், வீடு கட்ட 9.10 கோடி என்று 2023இல் அறிவித்தார்கள். தெப்பக்காட்டில் வீடுகள் திறந்தும் விட்டார்கள். இது என் கண்ணுக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை. வரையாட்டுக் கணக்கெடுப்பும் வருடா வருடம் நடக்கிறது. 2024இல் 1,031, 2025இல் 1,303. எண்ணிக்கை கூடியதில் ஒரு பங்கு கூடுதல் இடங்களில் எண்ணியதாலும் இருக்கலாம். ஆனால் எண்ணுகிற பழக்கம் வந்துவிட்டது, அதை இனி எந்த அதிகாரியும் நிறுத்த முடியாது. நிறுத்தினால் ‘இந்த வருடக் கணக்கு எங்கே’ என்று நாம் கேட்போம்.

கூடலூர் உண்ணிச்செடி எழுதியது:

அந்நியச் செடிகளை யாரும் தொடவில்லையே! முதுமலைப் பக்கம் மஞ்சள் கொன்றை என்ற அந்நிய மரம் பூத்தால் பார்க்க அழகு, கீழே ஒரு புல் முளைக்காது. உயர் நீதிமன்றம் தொடர்ந்து விரட்டியதும், 2022இல் அரசு கொள்கை ஒன்று கொண்டுவந்ததும், தமிழ்நாடு காகித ஆலை மரத்தை வெட்டிக் கூழுக்கு எடுத்துக்கொள்வதும் சேர்ந்து வேலை நகர்கிறது. உண்ணிச்செடியில் எங்கள் பழங்குடிச் சனம் யானை உருவம் செய்து வெளிநாடு வரை போயிருக்கிறது. வெட்டிய இடத்தில் மறுபடி முளைக்கும். மூன்று நான்கு வருடம் விடாமல் பிடுங்க வேண்டும். அந்தக் கூலி வேலையை உள்ளூர்ப் பழங்குடிக் குடும்பங்களுக்கே நிரந்தரமாக எழுதிக் கொடுத்தால் காட்டுக்கும் நல்லது, அடுப்புக்கும் நல்லது.

அந்தியூரான் எழுதியது:

@கரைவலை, 36ஏ பற்றி எழுதியதற்கு நன்றி. இங்கே பட்டிக்காரர்கள் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டப் போகிறேன். சரணாலயத்துக்கும் ஒரு வழி இருக்கிறது என்று ஊர் வக்கீல் ஒருவர் சொன்னார். சரணாலயத்துக்குள் யாருக்கு என்ன உரிமை என்று விசாரித்து முடிவு சொல்ல வேண்டியது மாவட்ட ஆட்சியர். அந்த விசாரணையில் வன உரிமைக் குழுக்களின் தீர்மானங்களை ஆவணமாகச் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்கலாம். விருது வாங்கிய இந்த வேளையில் இந்த ஒன்றைச் செயலாளர் தம் கையாலேயே முடித்துக் கொடுத்தால், மலையில் அவர் பெயரை நாங்கள் சொல்லிக்கொண்டே இருப்போம். மனதார எழுதுகிறேன்.

சதுப்பு எழுதியது:

@அந்தியூரான், மனு வரைவு தயாரானால் இங்கேயே போடுங்கள், சட்டம் தெரிந்தவர்கள் பார்த்துத் தருவார்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி 26 அன்று கிராம சபை கூடும். உங்கள் ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதா, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். சட்டப்படி இருக்க வேண்டும். பல ஊர்களில் பெயர்ப் பட்டியல் மட்டும் இருக்கும், கூட்டம் நடந்திருக்காது. ராம்சார் ஏரிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், கரைவெட்டி, நஞ்சராயன், கழுவெளி, சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஊர்க்காரர்கள், ஏரியின் எல்லை வரைபடத்தைப் புல எண்ணோடு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். தீர்மான நகலில் கையொப்பமும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பள்ளிக்கரணையைச் சுற்றி மாநகராட்சி வார்டுகள் என்பதால் எங்களுக்குக் கிராம சபை கிடையாது, ஏரியா சபையில் கேட்கப் போகிறோம். கிடைத்த பதிலை இந்த இழையிலேயே போடுகிறேன்.